ஒத்து ஊதுகிறவர்கள்

நம் மொழி சில தொழில்களுக்கு அநியாயம் செய்திருக்கிறது. அவற்றில் ஒன்று ஒத்து ஊதும் தொழில். சொந்தமாக ஓர் அபிப்பிராயமும் இல்லாமல், பெரிய மனிதர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனைப் பார்த்து, 'அவன் ஒத்து ஊதுகிறான்' என்கிறோம். சட்டசபையிலிருந்து சம்பந்தி வீடு வரையில் இந்த வசவு செல்லுபடியாகிறது. ஆனால் ஒத்து ஊதியவர் பக்கத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருந்தவர்கள் இந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக எடுத்து வீச மாட்டார்கள்.

ஒத்து என்பது பார்வைக்கு நாகசுரம் மாதிரியே இருக்கும். விரல் வைத்து வாசிக்கத் துளைகள் மட்டும் கிடையாது. அடிப்பக்கத்துத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி கூட்டிக்கொண்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் ஒரே ஸ்வரம், ஆதார ஷட்ஜம். நாகசுரக்காரர் இரண்டு மணி நேரம் தோடியை விஸ்தாரம் செய்தால், இவரும் இரண்டு மணி நேரம் அந்த ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் அறுந்துபோகக் கூடாது. கன்னங்களில் காற்றைத் தேக்கி, அதை வாயால் விட்டுக்கொண்டே மூக்கால் புது மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். ஊரெல்லாம் நாகசுரத்துக்குத் தலையாட்டும். தவிலுக்குத் தொடை தட்டும். ஒத்துக்காரர் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால் மட்டும் எல்லோரும் திரும்புவார்கள்.

சுருதியைத் தாய் என்றும், லயத்தைத் தந்தை என்றும் சங்கீதக்காரர்கள் சொல்வதுண்டு. இதை நான் ஒரு வீட்டு விஷயமாகவே புரிந்துகொண்டிருக்கிறேன். தந்தை வீட்டில் இருந்தால் வீடு கணக்காக நடக்கும். இந்த நேரத்துக்கு எழுந்திரு, இந்த நேரத்துக்குச் சாப்பிடு என்று காலம் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். தாளமும் அப்படித்தான். அவர் வெளியே போயிருக்கும் பிற்பகலில் வீட்டுக்கு வேறொரு சுபாவம் வந்துவிடுகிறது. குழந்தை கூடத்தில் விளையாடுகிறது. தாய் உள்ளே ஏதோ வேலையாக நடமாடுகிறாள், பேசுவதுகூட இல்லை. அவள் இருக்கிறாள் என்பதைத் தவிர அங்கே வேறு செய்தி கிடையாது. குழந்தைக்கு அந்த ஒரு செய்தி போதும்.

சுமார் ஐம்பது ஆண்டுகளாக மேல்நாட்டில் மின்னணுக் கருவிகளைக் கொண்டு ஒரு வகைச் சங்கீதம் செய்து வருகிறார்கள். ஆம்பியன்ட் என்று அதற்குப் பெயர்; தமிழில் சூழல் இசை என்று சொல்லிப் பார்க்கலாம். பல்லவியும் சரணமும் கிடையாது. தாளம் அநேகமாக இல்லை. இரண்டு மூன்று ஸ்வரங்கள் மெல்ல எழுந்து, தங்கி, மெல்லக் கரைகின்றன. அதை நான் முதலில் கேட்டபோது எனக்கு அந்தப் பிற்பகல்தான் நினைவுக்கு வந்தது. தந்தை வெளியே போயிருக்கும் நேரத்துச் சங்கீதம் அது.

"மெஷின் சத்தத்தில் என்ன கதகதப்பு இருக்க முடியும்?" என்று வாசகர்களில் சிலர் கேட்பீர்கள். இதே கேள்வியை என் மனைவி எங்கள் வீட்டில் கேட்டாள்.

என் மனைவி பாட்டு டீச்சர். சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் குழந்தைகளுக்குச் சரளி வரிசையும் கீதமும் வர்ணமும் சொல்லிக்கொடுத்தாள். முதலில் துருத்தி வைத்த மரச் சுருதிப்பெட்டிதான் இருந்தது. யாராவது ஒருவர் அதன் பலகையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குழந்தைக்குக் கை வலித்தால் பெட்டி அடுத்த குழந்தையின் மடிக்குப் போகும். பெங்களூரில் ஜி. ராஜ்நாராயண் என்பவர், பொறியியல் வல்லுநர், புல்லாங்குழலும் வாசிக்கத் தெரிந்தவர், 1979-இல் மின்னணுத் தம்புராவைச் செய்தார். சில ஆண்டுகளுக்குள் சின்னச் சின்னப் பெட்டிகள் கச்சேரி மேடைகளிலும் பாட்டு வகுப்புகளிலும் நுழைந்துவிட்டன. எங்கள் வீட்டுக்கும் ஒன்றை வாங்கி வந்தேன்.

"உசிரில்லாததைப் பக்கத்துல வச்சுண்டு குழந்தைகளுக்கு என்ன சொல்லித்தரது?" என்றாள் அவள்.

தோள்வலி வந்த பிறகுதான் சம்மதித்தாள். சம்மதித்ததோடு நிற்கவில்லை; அந்தப் பெட்டியோடு சிநேகமே ஆகிவிட்டாள். மாலை ஐந்தரை மணிக்குக் குழந்தைகள் வருவார்கள் என்றால், ஐந்தேகாலுக்கே அதை ஸ்விட்சுப் போட்டுவிட்டு உள்ளே போய்க் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தக் கால்மணி நேரம் வீட்டுக்குள் பஞ்சமமும் ஷட்ஜமும் மட்டும் சுற்றிச் சுற்றி வரும். நான் என் அறையில் நாவலின் ஏதாவது ஓர் அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். விளக்கேற்றி வைப்பது போல அதுவும் ஒரு வீட்டு வேலை என்று எங்கள் இருவருக்குமே பழகிப்போய்விட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் காலமானாள். துக்கத்தைப் பற்றி நிறையக் கதைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஐந்தேகால் மணி என்ற ஒன்று வரவில்லை. பகலெல்லாம் மனிதர்கள் வந்து போவார்கள், டெலிபோன் அடிக்கும், பொழுது ஒருவிதமாக நகர்ந்துவிடும். ஐந்தேகாலுக்கு வீடு வாயை மூடிக்கொண்டுவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து போய்ப் பெட்டியைப் போட்டேன். பாட ஆள் இல்லை, குழந்தைகள் வரப்போவதில்லை. பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டேன். அன்று இரவு வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இது தினமும் நடந்தது. லீவுக்கு வந்திருந்த என் பேத்தி ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, "தாத்தா, நீங்க ஆம்பியன்ட் கேக்கறீங்க!" என்று சிரித்தாள். பிறகு தன் செல்போனை எடுத்து வந்து என் காதில் இரண்டு குமிழ்களை மாட்டி, "இதையும் கேட்டுப் பாருங்கோ" என்றாள். பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயரின் இசை அது.

அவருடைய கதை எனக்குப் பிடித்திருக்கிறது. 1975 ஜனவரியில் லண்டனில் ஒரு டாக்சி மோதி ஈனோ படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த சிநேகிதி ஒரு ஹார்ப் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் சிரமப்பட்டு எழுந்து அதை ஓடவிட்டுப் படுத்துக்கொண்ட பிறகுதான், சப்தம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருப்பதும், ஒரு பக்கத்து ஒலிபெருக்கி வேலை செய்யாததும் தெரிந்தது. மறுபடி எழத் தெம்பில்லை. வெளியே மழை. மழையின் நடுவில் ஹார்ப்பின் சில ஸ்வரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்தன. அறையின் வெளிச்சத்தைப் போல, மழையின் ஓசையைப் போல, சங்கீதமும் இடத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. அதே ஆண்டு 'டிஸ்கிரீட் மியூசிக்' என்ற இசைத்தட்டையும், 1978-இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' என்ற இசைத்தட்டையும் வெளியிட்டார். இந்த இரண்டாவதுதான் ஆம்பியன்ட் என்ற பெயரைத் தாங்கி வந்தது. கவனித்துக் கேட்டாலும் சரி, கவனிக்காமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பதே அவர் அந்த இசைக்கு வகுத்துக்கொண்ட தர்மம்.

இது ஏன் மனசுக்கு இதமாக இருக்கிறது என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. நாம் தூங்கும்போதும் காது வாசலில் காவல் இருக்கிறது. பாத்திரம் விழுந்தால் எழுப்புகிறது. கதவு தட்டப்பட்டால் எழுப்புகிறது. தனியாக இருக்கிற வீட்டில் அதற்கு வேலை அதிகம்; பல்லி சொன்னால்கூடத் திடுக்கிடும். மாறாத, மிருதுவான ஓர் ஒலி ஓடிக்கொண்டிருந்தால், ஆபத்து ஒன்றும் இல்லை என்று அந்தக் காவல்காரனும் திண்ணையில் சாய்ந்துகொள்கிறான். மேலும், நாம் எல்லோரும் முதன்முதலில் கேட்ட சங்கீதமே இந்த ரகந்தான். கருவில் இருக்கும் குழந்தை தாயின் ரத்த ஓட்டத்தையும் இருதயத் துடிப்பையும் கேட்டுக்கொண்டே வளர்கிறது. சுருதியைத் தாய் என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946-இல் நியூயார்க்குக்குப் போனார். அங்கே ஜான் கேஜ் என்ற இளம் இசையமைப்பாளருக்கு நம் சங்கீதத்தைக் கற்பித்தார். சங்கீதம் எதற்காக என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தை அடக்கி அமைதிப்படுத்தி, தெய்விகத்தை ஏற்கத் தக்கதாக ஆக்குவதற்கு என்று தம் குரு சொல்லியிருப்பதாகப் பதில் சொன்னார். கேஜ் அதை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. மேல்நாட்டுப் புதிய சங்கீதம் மௌனத்தின் பக்கம் திரும்பியதில் இந்தப் பதிலுக்கும் பங்கு உண்டு. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலேயே 'மூக்' என்ற மின்னணு இசைக் கருவி வந்து இறங்கியது. கீதா சாராபாயும் இன்னும் சில இந்தியர்களும் அதில் இசை செய்து நாடாக்களில் பதிந்தார்கள். அந்த நாடாக்கள் நெடுங்காலம் ஆவணக் காப்பகத்தில் உறங்கிவிட்டு, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

ஆக, பெட்டி எனக்குத் துணையாயிற்று. அதற்கு உலகத்தில் பெரிய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். சென்ற தை மாதம் படவேட்டுக்குப் போனதில் அது முடியாமல் போயிற்று.

படவேடு ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் சந்தவாசலில் இறங்கி மேற்கே திரும்ப வேண்டும். படைவீடு என்பதுதான் பழைய பெயர். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். அதே நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணர் படையோடு வந்து அவர்களை வென்றார். இப்போது படையும் இல்லை, வீடும் இல்லை. சுற்றிலும் மலை, நடுவில் வாழைத் தோப்புகள், கமண்டல நாக நதி, கோயில்கள். ஆடி வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாளைத் தரிசிக்கக் கூட்டம் நெரியும். தை மாதத்து வேலை நாளில் வாழை இலை உரசும் சப்தம் கேட்கும் அளவுக்கு ஊர் அமைதியாக இருந்தது.

அங்கே தோப்போடு வீடு வைத்திருக்கும் என் பழைய சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பத்து நாள் வந்து இருக்கும்படி வற்புறுத்தினார். போன மறுநாள் யோக ராமச்சந்திரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே ராமர் கையில் வில் இல்லை. உட்கார்ந்த கோலம், கை சின்முத்திரை காட்டுகிறது. எதிரே அனுமார் சுவடி படிக்கிறார். வாழ்நாளெல்லாம் வில்லும் கையுமாகப் பார்த்த ராமரை இப்படிப் பார்த்தபோது எனக்கு வீட்டுப் பெட்டியின் ஓசைதான் நினைவுக்கு வந்தது. அதற்கும் குறி இல்லை, இலக்கு இல்லை.

பெட்டியை நான் கையோடு கொண்டு போயிருந்தேன். மாலையில் சிநேகிதர் வீட்டுத் திண்ணையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோப்பில் இலை அறுத்துக் கட்டுக் கட்டும் பெரியவர் ஒருவர், எண்பதை நெருங்கியவர், போகிற வழியில் நின்றார். கட்டை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

"சுருதி சுத்தமா இருக்குதுங்க" என்றார் கடைசியில்.

சிநேகிதர் என் பக்கம் குனிந்து, "இவர் முப்பது வருஷம் ஒத்து ஊதினவர்" என்றார்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பெட்டியை நிறுத்தப் போனேன். "இருக்கட்டுங்க, ஐயா" என்று தடுத்துவிட்டார். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். சுற்று வட்டாரக் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் வாசித்த அஞ்சு பேர் செட்டு அவர்களுடையது. சுருதிப்பெட்டி வந்ததும் செட்டு நாலு பேராயிற்று. "அண்ணன் மேல தப்பில்லீங்க. அஞ்சு பேருக்குப் பேசின பணத்தை நாலு பேரு பிரிச்சுக்கலாம்னா, புள்ளக்குட்டிக்காரங்க என்ன பண்ணுவாங்க? எனக்குத்தான் வேற வாத்தியம் தெரியாதே!" என்றார். அண்ணன் என்று அவர் சொன்னது நாகசுரக்காரரை. குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

மறுபடி கொஞ்ச நேரம் கேட்டார். "இதுக்கு மூச்சே வாங்க வேணாமுங்களா?"

"வேண்டாம்" என்றேன்.

"பாவங்க."

யாரைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. கேட்டேன்.

"பெட்டியைத்தானுங்க" என்றார். "எனக்கு மூச்சு தீரப்போவுதுன்னா அண்ணனுக்குத் தெரிஞ்சிடும். பக்கத்துலதானே நிக்கிறோம்? நீட்டி இழுக்கிற பிடியை இழுக்காம முடிச்சிடுவாரு. எனக்குக் கொஞ்சம் எடம் கெடைக்கும். அவருக்கு முடியலேன்னா நான் அழுத்திப் பிடிச்சுக்குவேன். அவரு லேசாத் தலையை ஆட்டுவாரு. எதிர்ல குந்தியிருக்கிறவங்களுக்கு இது ஒண்ணும் தெரியாது. இதுங்கிட்ட யாருங்க அப்படி நடந்துக்குவாங்க?"

இலைக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்று இரவு பெட்டியைப் போடவில்லை.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. பெட்டி எனக்குத் தந்த ஆறுதல் பொய்யில்லை. மூன்று ஆண்டுகள் அதை நம்பித்தான் மாலைகளைத் தாண்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஆறுதல் ஒருவழிப் பாதை. அது எனக்குக் கொடுக்கிறது. நான் அதற்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் முடியாது. ஒத்துக்காரருக்கும் நாகசுரக்காரருக்கும் நடுவே ஓடிய அந்தக் கொடுக்கல் வாங்கல் யார் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. செட்டில் ஓர் ஆள் குறைந்தபோது மிச்சமான பணம் மட்டும் ஏறிற்று.

அப்படியானால் மின்னணுச் சங்கீதத்தின் கதகதப்பு எங்கிருந்து வருகிறது? நல்லவற்றைக் கேட்டால் அங்கேயும் ஒரு மனிதரின் மூச்சு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஈனோவின் இசைத்தட்டில் பெண் குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நாடாச் சுருளில் சுழல்கின்றன. ஒன்று ஏறத்தாழ 23½ வினாடிக்கு ஒருமுறை வரும். இன்னொன்று ஏறத்தாழ 26 வினாடிக்கு. மற்றொன்று 30 வினாடிக்கு. அவை ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் போவதால், ஒரே மாதிரி இருந்துகொண்டே ஒருபோதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இயந்திரம் இயந்திரமாக ஓடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிரான்சில் எலியான் ராதிக் என்ற அம்மையார் இருந்தார். 'ஆர்ப்' என்ற ஒரே மின்னணுக் கருவியோடு பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். விசையைத் தலைமுடி அளவு நகர்த்துவார். ஒலி, பொழுது சாய்வதைப் போல, மாறியது தெரியாமல் மாறும். 1989-இல் அவருடைய மகன் சாலை விபத்தில் இறந்துபோனான். மரணத்தைப் பற்றி அவர் செய்துகொண்டிருந்த மூன்று பாகப் படைப்பின் இரண்டாம் பாகம் 1991-இல் வந்தது. 'கைலாஷா' என்று பெயர்; கைலாய மலையை மனத்தினாலேயே வலம் வருகிற யாத்திரை. சுமார் ஒரு மணி நேரம். அழுகை இல்லை, ஒப்பாரி இல்லை. மின்சாரத்தில் பிறந்த ஒரு ரீங்காரம் மெல்ல நடக்கிறது. மகனைப் பறிகொடுத்தவள் நடக்கிற நடை அது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெட்டியும் எனக்கு வெறும் பெட்டியாக இருந்ததில்லை. முப்பத்தெட்டு ஆண்டு வகுப்பில் பெரும் பகுதி அதன் பக்கத்தில் நடந்திருக்கிறது. அதை நான் போடும்போது, உள்ளே ஒருத்தி காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளை அறியாத வேறொருவர் வீட்டில் அதே பெட்டி வேறு யாராகவோ இருக்கும்; அல்லது யாருமாகவும் இருக்காது.

ஆகவே தனியாகப் பாடுகிறவர்களும், தனியாக இருக்கிறவர்களும் பெட்டியை வைத்துக்கொள்ளட்டும். அதில் குற்றம் இல்லை. ஆனால் மேடைக்குப் பூ ஜோடிக்கவே லட்சத்தை எட்டும் கல்யாணங்களில், மேளம் பேசும்போது, "ஒத்துக்கும் ஓர் ஆள் சேர்த்துக் கொண்டுவாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வலிக்காது. நம்மில் கல்யாணம் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். சொல்லிப் பார்க்கலாம்.

நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு என்னை அழைத்துப்போகப் பேத்தி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெரியவரைத் தேடிக்கொண்டு போனாள். அவர் வீட்டுப் பரணில் ஒத்து இருந்தது. சீவாளி காய்ந்து கிடந்தது. நனைத்து, பதப்படுத்தி, வைத்து ஊதினார். முன்போல முடியவில்லை. அரை நிமிஷம் நிற்கும், நடுங்கும், அறுந்துபோகும். மறுபடி எடுப்பார். அவள் அதைச் செல்போனில் பதிந்துகொண்டாள். கூலி வேண்டாம் என்றவரிடம், ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்காரருக்கு என்ன பேசுவார்களோ அதைக் கையில் வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது சென்னையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அந்த ஒலிக்கு மேலே, மிக மெல்லிய ஸ்வரங்கள் இரண்டைச் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். மூச்சு அறுகிற இடங்களை ஒட்டிச் சரிப்படுத்திவிட முடியுமாம்; செய்யவில்லை. ஒத்து நிற்கிற இடத்தில் மேலே இருக்கும் ஸ்வரங்களையும் தணித்து, அவருக்கு இடம் கொடுத்திருக்கிறாள். மாலையில் அதைத்தான் கேட்கிறேன். அந்த இடம் வரும்போது நானும் என்னை அறியாமல் மூச்சை இழுத்துக்கொள்கிறேன்.